யார் வீட்டுப் பானகம்

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது தமிழர் பண்பு என்று பள்ளிக் கட்டுரையிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடு வரை எழுதியாகிவிட்டது. வந்தவர் அதை வாங்கிக் குடித்தாரா என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கொடுத்த கைக்கு எவ்வளவோ புகழுரை உண்டு; வாங்கத் தயங்கிய கையைப் பற்றிய பதிவு குறைவு. மும்பையின் மூன்று தமிழ்க் குடியிருப்புகளான தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவற்றை ஒரு கோடைக்காலப் பானகத்தின் வழியே பார்த்தால் அந்த விடுபட்ட பகுதி கொஞ்சம் துலங்குகிறது.

செம்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னவர். பிறந்து வளர்ந்தது தாராவியில். பங்குனி பிறந்து வைகாசி முடியும் வரை அவர் வீட்டுப் படியேறுபவர் எவராயினும், கூரியர் கொண்டுவரும் பையன் உட்பட, ஒரு தம்ளர் பானகம் குடிக்காமல் திரும்ப முடியாது. தேநீர்தான் வேண்டும் என்பவருக்கும் பானகத்துக்குப் பிறகே தேநீர். அந்தப் பானகத்தை எந்த ஊர்க் கணக்கிலும் சேர்க்க இயலாது. இனிப்புக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பட்டி, புளிப்புக்கு எலுமிச்சைக்கு மாற்றாகக் கொங்கணத்துக் கோகம், மணத்துக்குத் துளசி. சுக்கும் ஏலமும் மிளகும் எல்லாப் பானகத்திலும் உள்ளவைதாம்.

அவருடைய அளவு பத்துப் பேருக்கானது. உலர்ந்த கோகத் தோல் 50 கிராம் எடுத்து, ஒருமுறை அலசி, இரண்டு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். அலசுவதற்குக் காரணம் உண்டு. குழம்புக்கென்று விற்கும் கோகத்தில் உப்புச் சேர்ந்திருக்கும். அலசாமல் போட்டால் பானகம் ரசமாகிவிடும். கருப்பட்டி 250 கிராம் தட்டி, சிறிது நீரில் இளஞ்சூட்டில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் தங்கும் மண்ணையும் ஓலைத் துணுக்கையும் பார்த்தவர்கள் வடிகட்டாத கருப்பட்டியை மறுபடியும் நம்பமாட்டார்கள். கோகத்தைப் பிழிந்த சாறும் கரைசலும் சேர்ந்து, எல்லாமாக இரண்டு லிட்டர் வரும்வரை நீர். தட்டிய சுக்கு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் ஆறு, மிளகு எட்டு, கல்லுப்பு ஒரு சிட்டிகை. துளசியைக் கொதிக்கவைப்பதோ அரைப்பதோ கிடையாது. பரிமாறுவதற்குக் கால்மணி நேரம் முன்பு இருபது இலையை உள்ளங்கையில் கசக்கிப் போட்டுவிட்டு, பிறகு எடுத்துவிடுவார். இலை அதிக நேரம் கிடந்தால் மருந்து வாடை வந்துவிடும், வந்தவர் காய்ச்சலுக்குக் கஷாயம் குடிக்க வந்தவர் அல்லவே என்பார்.

கோகத்தைத் தமிழ்நாட்டில் பலர் குடம்புளியோடு குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள், இனம் வேறு. கோகம் மேற்குக் கரையோரத்து மரம். சித்திரை, வைகாசியில் பழம் சிவந்து பழுக்கும். தோலை உரித்து, பழச்சாற்றிலேயே நனைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி நனைத்து, மறுபடி உலர்த்தினால் அது கருத்துச் சுருங்கி ஆண்டு முழுதும் கெடாமல் இருக்கும். தோலின் சிவப்பு புளிப்புள்ள நீரில் நிலைத்து நிற்கும். காரத்தன்மை ஏறினால் மங்கிப்போகும். மராத்தி வீடுகளில் வெள்ளைச் சர்க்கரையோடு கலந்து கண்ணாடிக் குவளையில் தரும்போது அதன் நிறமே பாதித் தாகத்தைத் தணித்துவிடும். கருப்பட்டியில் அந்த அழகு செத்துவிடுகிறது. கலங்கிய செம்பழுப்பாகத்தான் இருக்கும். ஆசிரியை அதற்காகவே எவர்சில்வர் தம்ளரில் தருகிறார். சுவைக்காக நிறத்தை விட்டுக்கொடுத்த இந்தத் தேர்வில் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. கோகத்தின் கூர்மையான புளிப்பைக் கருப்பட்டியின் கனத்த இனிப்பு தாங்குவதுபோல் சர்க்கரை தாங்குவதில்லை.

பானகம் வைக்கும் பானை தாராவி கும்பார்வாடாவில் வாங்கியது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் தெரு அது. தாராவித் தமிழர்கள் பொங்கலுக்கு 90 அடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டும்போது பானையின் தேவைக்கு நீண்ட தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் மும்பையின் கோடையில் மண்பானை திருநெல்வேலியில் குளிர்வதுபோல் குளிர்வதில்லை. பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தப்படும். எனவே வைகாசியில் அவர் பானைக்குள் பனிக்கட்டியும் போடுகிறார். பழமை பேசுவோர் இதற்கு முகம் சுளிப்பார்கள் போலும். இயற்பியல் அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

இந்தப் பானகத்தை மறுநாளைக்கு வைக்க முடியாது. இனிப்பும் நீரும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் நொதிகள் சும்மா இருப்பதில்லை. ஓரிரவு கழிந்தால் மூடியைத் திறக்கும்போதே நுரையும் புளித்த வாடையும். பனையேறிகள் இதை வேதியியல் படிக்காமலேயே அறிந்திருந்தார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாமல் விட்டால் கள். கருப்பட்டி அந்தச் சுண்ணாம்பு காத்த பதநீரைக் காய்ச்சி எடுத்தது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டு முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது, வெல்லம் என்ற பொருளே சந்தேகத்துக்குள்ளானது. அழுகிய வெல்லத்தைக் கட்டுப்பாட்டுக்குரிய பொருளாகச் சட்டம் பின்னர் சேர்த்துக்கொண்டது. மாகிம் கழிமுகத்தின் சதுப்பை ஒட்டிய தாராவி அக்காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன இடம். ஒரு சந்தில் ஊறலுக்குப் போன அதே வெல்லம் அடுத்த சந்தில் பிள்ளைபெற்றவளுக்குக் காயமருந்தானது, விருந்தாளிக்குப் பானகமானது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முதல் சந்து மட்டுமே தெரிந்தது. ‘தாராவியில் வீட்டுக்குப் போனால் குடிக்க என்ன தருவார்கள்’ என்று ஆசிரியையின் பயிற்சிப் பள்ளித் தோழி ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாளாம். அந்தச் சிரிப்பை அவர் இன்னும் மறக்கவில்லை.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே இருப்பவை ரயில் பாதைகள். நடந்தால் அரை மணி நேரம். 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அமைப்பு நெரிசலைக் குறைக்கத் தாதர், மாட்டுங்கா பக்கம் அகலச் சாலைகளும் மனைகளும் வகுத்தது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று வந்த தமிழ்ப் பிராமணர்கள் அங்கே குடியேறினார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. பஜனை மடங்கள், உணவு விடுதிகள், பூக்கடைகள், வாழையிலைக் கடைகள் என்று ஒரு சிறிய கும்பகோணமே உருவாயிற்று. பாதைக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் பட்டறைகளை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் வந்திறங்கினார்கள். இரு சாராருக்கும் மொழி ஒன்று, ரயில் நிலையங்கள்கூட அடுத்தடுத்தவை.

ஆசிரியையின் தாய் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்தார். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் வீட்டம்மாள் தண்ணீர் தெளித்த பிறகே அது அடுக்களைக்குள் போகும். அந்த வீட்டில் ஸ்ரீராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் வடைப்பருப்பும் செய்வார்கள். விசிறியும் வைத்துக் கொடுப்பார்கள். தாய்க்கும் எல்லாம் உண்டு, குறைவில்லாமல் உண்டு. அவருக்கென்று ஓரம் நெளிந்த அலுமினியத் தம்ளர் ஒன்று பின்கட்டுச் சன்னல் மாடத்தில் கவிழ்ந்திருக்கும். அவரே அதை எடுத்து நீட்ட, மாமி பாத்திரம் தம்ளரில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். ஒரு சொட்டுக் கீழே சிந்தாது; இருவருக்கும் அத்தனை பழக்கம். தாய் அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. “மாமி கைப்பாகம் யாருக்கும் வராது” என்றுதான் சொல்வார். பானகத்தில் சுக்கைப் பொடிக்கக் கூடாது, தட்டிப் போட வேண்டும் என்ற நுட்பம் அந்தப் பின்கட்டில் நின்று கற்றது. மகளுக்கோ அந்த அலுமினியத் தம்ளர் மட்டுமே நினைவில் நிற்கிறது. தாயின் நன்றியும் மகளின் கோபமும் ஒரே தம்ளரிலிருந்து வந்தவை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆய்வாளர்கள் அவசரப்படாமல் இருப்பது நல்லது.

எதிர்த்திசையில் நடந்தது இதைவிடக் கவனிக்கத்தக்கது. ஊரில் நிலமுள்ள சாதியைச் சேர்ந்த இளைஞர்கள் வேலை தேடிப் பம்பாய் வரும்போது, ஊர்க்காரர் என்ற உரிமையில் தாராவி முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு வருவார்கள். பட்டறை, மில், கப்பல்துறை என்று யாரைப் பார்க்க வேண்டும் என்பது தாராவிக்காரருக்குத்தான் தெரியும். அப்படி ஒருவர் வாசலில் நின்றதும் தந்தை செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடுவார். குளிர்ந்த கலர் புட்டி ஒன்று வரும். அதன் மூடியை வந்தவர் கண்முன்னேதான் திறக்க வேண்டும். ‘டப்’ என்ற அந்த ஓசை, இதில் இவர்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு துளியும் கலக்கவில்லை என்பதற்கான உறுதிமொழி. வந்தவர் புட்டியோடு குடித்துவிட்டு, வேலைக்கு வழி கேட்டுக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். அடுக்களையில் அம்மா கலக்கி வைத்த பானகத்தைப் பிள்ளைகள் குடிப்பார்கள். ஒரு புட்டியின் விலை வீட்டில் அன்றைய காய்கறிச் செலவுக்குச் சமம் என்பது ஆசிரியையின் கணக்கு. கேட்டுப் பெறவந்தவனுக்கு மரியாதையின் செலவையும் கொடுப்பவனே ஏற்றான்.

அந்தப் புட்டிகளில் பல செம்பூரிலிருந்து வந்தவை. தின்ஷா பாண்டோல் 1889-இல் தொடங்கிய டியூக்ஸ் நிறுவனத்தின் ஆலை அங்கே இருந்தது. மாங்கோலாவும் ராஸ்பெரியும் பம்பாய்ப் பிள்ளைகளின் கனவுப் பானங்கள். 1994-இல் பெப்சி அதை வாங்கியது. குளிர்பான வரலாற்றை எழுதுவோர் சுவை, விளம்பரம், பன்னாட்டு முதலீடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூடியிட்ட புட்டி தீட்டுக்கு அப்பாற்பட்ட பானமாகப் புழங்கிய கதையும் அதில் ஓர் அத்தியாயமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கோலி சோடாவும் இளநீரும் இதே வேலையைச் செய்தன. தொட்டவர் யாராக இருந்தாலும் உள்ளே இருப்பது தொடப்படாதது.

மானிடவியலில் இதற்கு ஒரு கணக்கே உண்டு. மக்கிம் மேரியட் 1968-இல் வெளியிட்ட கட்டுரையில், எந்தச் சாதி எந்தச் சாதியிடம் எவ்வகை உணவை ஏற்கிறது என்று கட்டம் போட்டு, கொடுத்தல் வாங்கல்களிலிருந்தே படிநிலையைக் கணித்தார். அந்தக் கட்டங்களில் வாங்க மறுப்பவர் தெரிகிறார். மறுப்பு வருமுன்பே கடைக்கு ஓடுகிற தந்தையைக் காண முடிவதில்லை. மறுக்க வேண்டிய சங்கடத்திலிருந்து விருந்தினரைக் காப்பாற்றுவதும் விருந்தோம்பலாகவே எண்ணப்பட்டது. வடமொழி அணியிலக்கணத்தாருக்கும் பானகத்தின்மீது பிரியம் உண்டு. வெல்லமும் மிளகும் தனித்தனியே நாவில் படாமல் ஒரே சுவையாகத் திரள்வதை அபிநவகுப்தர் முதலியோர் ரச அனுபவத்துக்கு உவமை ஆக்கினார்கள். அழகான உவமைதான். அந்தப் பானகம் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்தது என்பது உவமைக்குத் தேவைப்படவில்லை.

கோகம் விளையும் அதே கொங்கணத்தில்தான் மகாடும் இருக்கிறது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் எஸ். கே. போலேயின் தீர்மானத்தை ஏற்றது. மகாடு நகராட்சியும் அதை ஒப்புக்கொண்டது, தாளில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவதார் குளத்துக்கு நடந்து சென்று ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். குளம் தீட்டுப்பட்டதென்று சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்த குடங்களைக் கவிழ்த்து அதைத் ‘தூய்மை’ செய்தார்கள். வழக்கு நீண்டு, 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள். ஆசிரியை வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போது கோகப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைப்பாராம். அந்த ஊர்ப் பக்கத்துப் பழம் என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்வதில்லை.

தாராவியில் தண்ணீருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. விடியுமுன் பொதுக்குழாயில் வரும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுத் தூங்கிப்போனால் அன்று முழுதும் அண்டை வீட்டில் கடன்தான். இரண்டு லிட்டர் பானகம் என்பது அக்கணக்கில் சிறிய செலவன்று. அனுமதியற்ற குடிசையில் வாழ்பவருக்கும் குடிநீர் மறுக்கலாகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 டிசம்பரில். அதற்குள் ஆசிரியையின் குடும்பம் செம்பூர் போய்விட்டிருந்தது. புது வீட்டில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தபோது தாய் அதை மூடுவதற்கு மனமில்லாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

செம்பூரில் அவர்களுக்கு அண்டை வீடு ஒரு சிந்திக் குடும்பம். பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் வழியினர். அவர்கள் கோடையில் பாதாமும் கசகசாவும் மிளகும் அரைத்துத் தாதல் செய்வார்கள். இரு வீட்டுப் பாத்திரங்களும் சுவரைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருக்கும். கழுவாமல் திருப்பிக் கொடுத்ததுகூட உண்டு. இத்தனை எளிதாக இருந்த விஷயம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை ஞாயிறன்று திடீரெனக் கனத்தது. ஆசிரியையின் மகள் தன் அலுவலகத் தோழரை மணக்கப் போவதாகச் சொன்னாள். பையன் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம். பெண் பார்க்க ஒன்பது பேர் வருகிறார்கள். அவர்களில் எண்பத்து நான்கு வயதுப் பாட்டியும் ஒருவர்.

முந்தைய நாள் மாலை ஆசிரியையின் கணவர் ஒன்றும் பேசாமல் ஒரு டஜன் குளிர்பானப் புட்டிகளை வாங்கிவந்து குளிர்பெட்டியில் அடுக்கினார். “எதற்கும் இருக்கட்டும்” என்றார். ஆசிரியை அதற்கு மறுமொழி சொல்லவில்லை. இரவே கருப்பட்டியைத் தட்டி வைத்தார். விடிந்ததும் கோகத்தை ஊறப்போட்டார். பக்கத்துச் சிந்தி அம்மாள் வெள்ளிக் குவளைகள் கொண்டுவந்து கொடுத்தார், சம்பந்தியாகப் போகிறவர்களுக்கு எவர்சில்வர் ஆகாது என்று. ஆசிரியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தட்டு வந்ததும் ஒரு நொடி அறையில் பேச்சு நின்றது என்று அவர் சொல்கிறார். மகள் அப்படி ஒன்றும் நிற்கவில்லை என்கிறாள். பாட்டி தம்ளரை எடுத்து முகர்ந்தார்.

“சுக்கு பொடியா, தட்டிப் போட்டேளா?”

“தட்டித்தான் போட்டேன், அம்மா.”

பாட்டி தலையை அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார். தம் வீட்டிலும் அப்படித்தான் குடிப்பார் என்று பேரன் பிறகு சொன்னான். பாதித் தம்ளர் குடித்து மீதியை வைத்துவிட்டார். “நாங்க எலுமிச்சம்பழம்தான் பிழிவோம். இதுவும் நன்னாத்தான் இருக்கு” என்றார். வைத்த பாதிக்குக் காரணம் நீரிழிவா, கோகத்தின் புளிப்பா, வேறேதுமா என்று ஆசிரியைக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமும் கேட்கவுமில்லை. புட்டிகளில் இரண்டை வந்திருந்த சிறுவர்கள் குடித்தார்கள். மற்றவை அடுத்த மாதம் வரை குளிர்பெட்டியில் கிடந்தன.

திருமணம் நடந்தது. அடுத்த ஸ்ரீராமநவமியன்று மாட்டுங்காவிலிருந்து மருமகன் ஒரு தூக்கு நிறையப் பானகம் கொண்டுவந்தான், பாட்டி செய்தது, எலுமிச்சையும் வெல்லமும் போட்டது. ஆசிரியை அதை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். கூடத்து நாற்காலியில் இருந்த தாய் தம்ளரை வாங்கி, தம் வீட்டில், தம் தம்ளரில், தலையை அண்ணாந்து உதடு படாமல் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார். சுக்கு கொஞ்சம் குறைவு என்றார் மகளிடம். ஆசிரியைக்கும் அதுவே கருத்து.